சட்டப் படிப்பில் வரலாறு: எங்கள் நிலைப்பாடு

ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. படிப்பில் வரலாறும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இரண்டும் சந்தித்துக்கொள்வதுதான் அபூர்வம். தொடக்கப் பருவங்களில் வரலாற்றை எழுதிக் கழித்துவிட்டு, அப்புறம் 'நிஜப் பாடத்துக்கு' வருவதாகவே மாணவர்கள் நினைக்கிறார்கள். வரலாற்றைக் குறைத்து அந்த இடத்தில் இன்னொரு வணிகச் சட்டத் தாளை வைக்கலாம் என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது. அந்த யோசனையை நாங்கள் எதிர்க்கிறோம். இப்போதுள்ள ஏற்பாடும் எங்களுக்கு ஏற்புடையதல்ல.

ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலம் பற்றிய வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பிடம் கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். பத்திரத்தை மட்டும் படிக்கத் தெரிந்தவர் அதோடு கையை விரித்துவிடுவார். செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892இல் வந்த அரசாணையும் தெரிந்தவர் வேறு விதமாகக் கேட்பார். முதல் 10 ஆண்டு நிலத்தை யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கொடுக்கலாம் என்பது நிபந்தனை. அது இந்த நிலத்துக்கு உண்டா என்று அறிய ஒப்படை ஆணையைத் தேடுவார், பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைப் புரட்டுவார். 1980களின் யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) பதிவில் நிபந்தனைக் குறிப்பு இல்லையென்றால், அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டில் இருந்ததா என்று பார்ப்பார். இது வக்கீல் வேலையா, வரலாற்று ஆய்வாளர் வேலையா என்று எங்களால் பிரிக்க முடியவில்லை.

கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் செல்லாது என்ற செண்பகம் துரைராஜன் வழக்கைப் படிக்காத சட்ட மாணவர் இல்லை. அடிப்படை உரிமையா, வழிகாட்டு நெறியா என்ற ஒற்றைக் கேள்வியாக அது தேர்வில் வந்துபோகிறது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் தொடங்கிய வகுப்புவாரி உத்தரவும், பின்னாளில் 14 இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட கணக்கும், சென்னை மாநிலத்தில் எழுந்த கிளர்ச்சியும் வேறொரு பருவத்தில், வேறொரு ஆசிரியரிடம் கிடக்கின்றன. 1951 ஏப்ரலில் தீர்ப்பு. ஜூனிலேயே முதல் அரசியலமைப்புத் திருத்தம். இடைப்பட்ட அந்த இரண்டு மாதங்களை இரு துறை ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்த வேண்டும்.

வக்கீல்கள் வரலாற்றைத் தங்கள் கட்சிக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்வார்கள் என வரலாற்றுத் துறையினர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். 30 ஆண்டுப் பழைய ஆவணம் உரிய காப்பிலிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். எழுதப்பட்ட சங்கதி உண்மை என்று அதற்குப் பொருளல்ல. யார் எழுதினார், யாருக்காக எழுதினார் என்று கேட்கும் பழக்கம் வரலாற்று வகுப்பில்தான் வருகிறது. சேர்த்துக் கற்பித்தால் அந்த வெட்டு வேலை குறையும் என்றே நம்புகிறோம்.

வரலாற்றுத் தாள்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கேட்கவில்லை; இருப்பவற்றை ஐந்தாண்டுக்கும் பரப்பக் கேட்கிறோம். ஆவணம் வரைதல் தாளின் செய்முறை மதிப்பெண்ணில் ஒரு பகுதியை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ மாவட்டப் பதிவறையிலோ செய்யும் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். பழைய கணக்குகளில் வரும் தமிழ் எண்களையும் மா, காணிக் குறிகளையும் வாசிக்கத் தெரியாமல் யாரும் அந்தப் பயிற்சியை முடிக்கக் கூடாது. மூன்றாண்டு எல்எல்.பி. மாணவர்கள் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்று வருகிறவர்கள். அவர்களுக்கு இது விருப்பத் தாளாக இருந்தால் போதும்.