சிங்கம் கடல் தாண்டினால் போதுமா?

கோலார் தங்க வயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒயின் ஷாப் ஒன்றின் குளிர்பெட்டியை நிதானமாகப் பாருங்கள். கிங்ஃபிஷர் இருக்கும். அதைத் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீஸில் 2021 முதல் பெரும்பான்மைப் பங்கு நெதர்லாந்தின் ஹைனக்கனுக்கு. டூபர்க் இருக்கும், அது டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் குழுமத்துடையது. பட்வைசருக்கு அமெரிக்கப் பெயர் என்றாலும், உரிமையாளரின் தலைமையகம் பெல்ஜியத்தின் லூவன் நகரில் இருக்கிறது. மூன்றுமே சின்ன நாடுகள். டென்மார்க்கின் மொத்த மக்கள்தொகை சுமார் 60 லட்சம். பெங்களூரு நகரத்தில் மட்டும் அதைவிட அதிகம் பேர் வாழ்கிறார்கள்.

சின்ன நாட்டு பீர் வெளிநாட்டில் தாக்குப்பிடிக்குமா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால், பாட்டிலைத் திருப்பி லேபிளில் ஆலையின் முகவரியைப் படித்தால் பெரும்பாலும் இந்திய ஊர்ப்பெயர்தான் இருக்கும். கடல் தாண்டி வந்தவை பெயரும் செய்முறையும் முதலீடும்தான். பீர் இங்கேயே காய்ச்சப்பட்டது. இலங்கையின் ‘லயன்’ பீரின் எதிர்காலத்தை இந்த வேறுபாட்டை மனதில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

மலையில் பிறந்த பீர்

நுவரெலியாவில் 1849-இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் பீர் காய்ச்சத் தொடங்கினார். 1881-இல் அங்கே முறையான ஆலை எழுந்தது. இந்தப் பக்கமும் அதே காலத்துக் கதைதான். நீலகிரியில் 1857-இல் காசில் புரூவரி, பெங்களூரில் 1885-இல் இன்னொன்று. இவற்றையும் வேறு மூன்று ஆலைகளையும் சேர்த்துத்தான் 1915-இல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் புரூவரீஸை உருவாக்கினார்.

இங்கிலாந்திலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்தால் கப்பல் கூலி அதிகம். வழியில் கெட்டும் போகும். குளிர்பதன வசதி பரவாத காலத்தில் மலைக் குளிர் பீர் காய்ச்ச உதவியது. தோட்டத் துரைகளும் பட்டாளமும் வாடிக்கையாளர்கள். கோலார் தங்க வயலில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியதும் 1880-ஐ ஒட்டித்தான். காலனி ஆட்சி போன இடமெல்லாம் ஒரு கிளப்பும் கூடவே போனது. கிளப்புக்கு பீர் வேண்டியிருந்தது.

லயனின் உற்பத்தி 1990-களின் இறுதியில் நுவரெலியாவிலிருந்து கொழும்பை அடுத்த பியகமவுக்கு இடம் மாறியது. அதன் லாகர் உள்ளூரில் ஓடுகிறது. வெளிநாட்டில் பெயர் வாங்கித் தந்தது ஸ்டவுட். வறுத்த தானியத்தின் காபி, சாக்லேட் வாசம் கொண்ட கருநிற பீர் அது. ஏற்றுமதி லேபிளில் ஆல்கஹால் 8.8 சதவீதம். பிரிட்டனின் புகழ்பெற்ற பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல) இலங்கைக்கு வந்து குடித்துப் பார்த்துப் பாராட்டி எழுதியது அதற்குப் பெரிய விளம்பரமாயிற்று. அமெரிக்கக் கடைகள்வரை அது போய்ச் சேர்ந்தது.

தண்ணீருக்குக் கப்பல் கூலி

பீரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கண்ணாடிப் பாட்டிலின் எடை வேறு. ஏற்றுமதி என்பது பெரும்பகுதி தண்ணீரையும் கண்ணாடியையும் கடல் கடத்துவதுதான். விஸ்கிக்கும் ஏறக்குறைய அதே கூலி. ஆனால், அதே கன்டெய்னரில் பல மடங்கு மதிப்பு ஏறுகிறது. இலங்கையில் மால்ட்டுக்கான பார்லியும் ஹாப்ஸும் விளைவதில்லை. அவற்றை டாலர் கொடுத்து வாங்கி, உள்ளூர்த் தண்ணீரில் காய்ச்சி, மறுபடி கப்பலேற்றி, ஊருக்கு ஊர் கிடைக்கும் சாதாரண லாகரோடு விலையில் மோதுவது நடக்காத காரியம்.

அதனால் சின்ன நாட்டுக்குத் திறந்திருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, மாலத்தீவு போன்ற பக்கத்துச் சந்தை: வெளிநாட்டுப் பயணிகள் நிறைந்த ரிசார்ட் தீவுகள், குறுகிய கடல் தூரம். இன்னொன்று, மற்றவர்கள் எளிதில் தராத சரக்கு. ஸ்டவுட் இரண்டாம் வகை. அதைத் தேடி வாங்குபவர் விலை பார்ப்பதில்லை, ஊர்ப்பெயரைப் பார்க்கிறார்.

அந்த ஊர்ப்பெயர் எவ்வளவு பெறும் என்பதற்கு ஜமைக்காவின் ‘ரெட் ஸ்ட்ரைப்’ சாட்சி. 2012-இல், அப்போதைய உரிமையாளரான டியாஜியோ, அமெரிக்கச் சந்தைக்கான உற்பத்தியை பென்சில்வேனியாவுக்கு மாற்றியது. கூலி மிச்சம். ஆனால், ‘ஜமைக்கா பீர் என்று நம்பி ஏமாந்தோம்’ என்று குடித்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை. இருந்தாலும், ஹைனக்கன் கைக்கு வந்தபின் 2016-இல் உற்பத்தி ஜமைக்காவுக்கே திரும்பியது.

இந்தியக் கதவு

பாக் நீரிணையைத் தாண்டினால் இந்தியா. கலிபோர்னியாவுக்குப் போகும் லயன் ஸ்டவுட் தூத்துக்குடிக்கு வர முடியுமா? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரவிதிப்படி ஸ்ட்ராங் பீரின் உச்சவரம்பே 8 சதவீதம். 8.8 சதவீத பாட்டில் வாசலிலேயே நின்றுவிடும். பீருக்கான பொதுவான சுங்க வரியோ, கூடுதல் வரியையும் சேர்த்தால் 110 சதவீதம்.

அதைத் தாண்டினாலும் வேலை முடியாது. மது அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது. தங்க வயலிலிருந்து ஒரு பக்கம் குப்பம் போனால் ஆந்திரம்; இன்னொரு பக்கம் வேப்பனப்பள்ளி போனால் தமிழ்நாடு. மூன்று மாநிலத்திலும் மூன்று வரி, மூன்று உரிமம், மூன்று விலை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறைக் கடையும் அரசின் டாஸ்மாக் கையில். கர்நாடகத்தில் மொத்த விற்பனை அரசுக் கழகத்திடம். 2025 ஜனவரியில் தெலங்கானாவின் அரசுக் கழகத்துடன் விலைத் தகராறு வந்தபோது, சந்தையில் முதலிடத்தில் இருக்கும் யுனைடெட் புரூவரீஸே சப்ளையை நிறுத்தி வைக்க நேர்ந்தது; சில நாட்களில்தான் மீண்டும் தொடங்கியது. பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால் புதிதாக வரும் தீவுக்காரர் எம்மாத்திரம்?

மது விளம்பரத் தடையும் புதியவருக்கே பாதகம். பழைய பெயர்கள் சோடா, குடிநீர் என்று வேறு சரக்கின் பெயரில் விளம்பரம் செய்துகொள்கின்றன. இந்தியப் போட்டி ஆணையம், விலையைக் கூட்டாகத் திட்டமிட்டதாகச் சொல்லி 2021 செப்டம்பரில் யுனைடெட் புரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா உள்ளிட்டோருக்கு சுமார் 873 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தகவல் கொடுத்து உதவியதால் மூன்றாவது பெரிய நிறுவனத்துக்கு முழு விலக்கு. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் ஆணையை உறுதிசெய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சுவையை வைத்துப் போட்டி போடலாம் என்று நம்புபவர் இந்தச் சந்தையின் அமைப்பை முதலில் படிக்க வேண்டும்.

யாருக்கு மிச்சம்?

நெதர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 1.8 கோடி. இலங்கையின் மக்கள்தொகை அதைவிட அதிகம். எனவே நாடு சின்னது என்பது காரணமே அல்ல. கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம் 1883-இலேயே தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு தளர்ந்ததும் 1933-இல் ஹைனக்கன் முதல் ஆளாகக் கப்பலை அனுப்பியது. ஐரோப்பியர் அறிவியலிலும் முதலீட்டிலும் முந்திக்கொண்டார்கள்; பிறகு அயல்நாட்டு ஆலைகளை வாங்கத் தொடங்கினார்கள்.

பிற்காலத்தில் வென்ற சின்ன நாட்டு பீர்கள் பெரும்பாலும் அவர்களிடமே போய்ச் சேர்ந்தன. 1932-இல் சிங்கப்பூரில் பிறந்த ‘டைகர்’ 2012-இல் முழுதாக ஹைனக்கனின் பிடிக்குள் வந்தது. நமீபியாவின் ‘விண்ட்ஹூக்’கும் அதே வழியில் போனது. லயனிலும் கார்ல்ஸ்பெர்க்குக்குப் பங்கு உண்டு. ஆனாலும் கட்டுப்பாடு கொழும்பில் பட்டியலிடப்பட்ட உள்ளூர்க் குழுமத்திடம் இருக்கிறது. இது சின்ன விஷயம் அல்ல.

இதன் அருமை தங்க வயல்காரர்களுக்குப் புரியும். இங்கே வெட்டிய தங்கத்தின் லாபம் பல பத்தாண்டுகள் லண்டன் பங்குதாரர்களுக்குப் போயிற்று. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபோது ஊருக்கு மிஞ்சியது சயனைடு மேடும் வேலையற்ற கைகளும். ஏற்றுமதி அளவு ஒரு ஊரின் வளத்தைக் காட்டாது. முடிவெடுக்கும் நாற்காலி எங்கே இருக்கிறது என்பதே காட்டும்.

இலங்கைக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. 2016 மே வெள்ளத்தில் பியகம ஆலை மூழ்கி, மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. உள்நாட்டுக்கே பீர் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. ஒரே ஆலையை நம்பி உலகச் சந்தையில் வாக்குக் கொடுப்பது ஆபத்து.

குடியால் அழியும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு, ஒரு நாடு பீரை ஏற்றுமதி செய்து பெருமைப்பட வேண்டுமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால், விற்பது என்று ஒரு நாடு முடிவெடுத்துவிட்டால், விற்று வரும் பணம் தன் எல்லைக்குள் தங்குகிறதா என்று பார்ப்பது அதன் கடமை.

என் கணிப்பு இதுதான். லாகரை வைத்து லயன் உலகச் சந்தையில் ஜெயிக்காது. ஸ்டவுட்டை வைத்து நிற்கும். அந்த ஸ்டவுட் இலங்கையிலேயே காய்ச்சப்பட வேண்டும். இரண்டாவது ஆலை ஒன்று வேண்டும். உரிமை கைமாறக் கூடாது. இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் தவறினால், சிங்கத்தின் படம் மட்டும் உலகம் சுற்றும். லாபம் வேறு நாட்டுக் கணக்கில் சேரும்.