பின் பிரேக் பேட் மாற்ற ஸ்கேனர் எதுக்கு? வட சென்னை ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும் ஒரு கேள்வி

ஹேண்ட் பிரேக் லிவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன சுவிட்ச். விரலால் இழுத்தால் பின் சக்கரப் பக்கம் 'ஸ்ர்ர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் கார் அசையாது. 2001-ல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் மாதிரி கார்களில் வந்த எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக், 2020-ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறை க்ரெட்டாவின் மேல் வேரியன்ட்களில் இருந்தது. இன்று எக்ஸ்யூவி700, நெக்ஸான் இ.வி, எம்.ஜி கார்கள் என்று இ.எம்.ஐ கட்டி கார் வாங்கும் நம்ம ஆட்கள் வரை வந்துவிட்டது.

ஷோரூமில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பின் பிரேக் பேட் தேய்ந்தால் யார் மாற்றுவது?

பழைய டிஸ்க் பிரேக் காரில் இது அரை மணி நேர வேலை. ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பர் போல்ட்டை எடுத்து, பிஸ்டனைத் திருகியோ அழுத்தியோ உள்ளே தள்ளினால் புது பேட் உட்கார்ந்துவிடும். திருவொற்றியூர் ஹைரோட்டிலோ ராயபுரத்துச் சந்துகளிலோ, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்த ஒரு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் வந்த பிறகு அதே அண்ணன், "இது கம்பெனியிலதான் பாக்கணும் சார்" என்கிறார். அவருக்குத் தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்துதான் சொல்கிறார்.

என்ன மாறிவிட்டது? இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் பின் கேலிப்பரின் முதுகில் ஒரு குட்டி மோட்டார் இருக்கும். அது பல் சக்கரங்கள் வழியாக ஒரு திருகுத் தண்டைச் சுற்றும். தண்டின் மேல் இருக்கும் நட் முன்னால் நகர்ந்து, பிஸ்டனை உள்ளிருந்து தள்ளி, பேடை டிஸ்க்கோடு இறுக்கும். திருகு என்பதால் கரன்ட் போனாலும் பிடி விடாது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை கன்ட்ரோல் யூனிட், மோட்டார் இழுக்கும் கரன்ட்டை வைத்துக் கணக்கிடுகிறது. பேட் டிஸ்க்கைத் தொட்டதும் கரன்ட் ஏறும், போதிய அளவு ஏறியதும் நிறுத்திவிடும். கெட்டிக்கார ஏற்பாடு, இதில் எனக்குச் சண்டை இல்லை.

சிக்கல் பேட் மாற்றும்போது வருகிறது. சாதாரணமாக பிரேக்கை ரிலீஸ் செய்தால் அந்த நட் கொஞ்சம்தான் பின்னால் போகும். புது பேட் சுமார் 10 மில்லிமீட்டர் கனம். தேய்ந்தது 2, 3 மில்லிமீட்டர். அந்த வித்தியாசத்துக்கு இடம் வேண்டும் என்றால் நட் முழுசாகப் பின்வாங்க வேண்டும். அப்படிப் பின்வாங்கச் சொல்லும் கட்டளைதான் சர்வீஸ் மோட். அதைப் போடாமல் சி-கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை அழுத்தினால், பின்னால் நிற்கும் நட் வழிவிடாது. மேலும் அழுத்தினால் மரையோ பல் சக்கரமோ போகும். சில நூறு ரூபாய் கூலி மிச்சம் பிடிக்கப் போய்ப் புது கேலிப்பர் வாங்கின கதை இப்படித்தான் தொடங்கும்.

சிலர் இன்னொரு குறுக்கு வழி சொல்வார்கள். மோட்டார் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தால் மோட்டார் பின்னால் ஓடும். ஓடும்தான். ஆனால், எங்கே நிற்பது என்று அதற்குச் சொல்ல ஆள் இல்லை. கடைசி வரை போய் முட்டி இறுகிக்கொள்ளும். நட் எங்கே இருக்கிறது என்ற கணக்கு கன்ட்ரோல் யூனிட்டிடம் தப்பிப்போய் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

விரலும் முக்கியம். சில கார்களில் இக்னிஷனை அணைத்தாலே பார்க்கிங் பிரேக் தானாக விழும். கேலிப்பருக்குள் கை இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒழுங்கான முறை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் சார்ஜர் போட வேண்டும், பாதியில் வோல்ட்டேஜ் இறங்கினால் மோட்டாரும் பாதியில் நின்றுவிடும். ஸ்கேனரில் சர்வீஸ் மோட் போட்ட பிறகுதான் பிஸ்டனை மெதுவாகத் தள்ள வேண்டும். அப்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் அளவு ஏறும், வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புது பேட் போட்டதும் முதலில் பெடலைப் பல முறை மிதித்து, பெடல் கெட்டியான பிறகே சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்து காலிபரேஷன் செய்ய வேண்டும். பெடலை மிதிக்க மறந்து வண்டியை எடுப்பவர்கள்தான் முதல் திருப்பத்தில் அலறுவார்கள்.

இது எல்லா ஊருக்கும் பொது. வட சென்னைக்கு என்று தனியாக மூன்று விஷயம் இருக்கிறது: உப்பு, கன்டெய்னர், வெள்ளம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் காற்று இரும்பைச் சும்மா விடாது. கேலிப்பர் நகரும் பின்களில் துரு பிடித்தால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும், டிஸ்க் சூடாகும். எலெக்ட்ரிக் கார் என்றால் இன்னும் வம்பு: ரீஜென் பிரேக்கிங்கே பாதி வேலையைப் பார்த்துவிடுவதால் டிஸ்க் போதுமான அளவு உரசாமல் துருப் படிந்து நிற்கும். துறைமுக ஜீரோ கேட்டுக்குக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையின் பின்னால் மாட்டினால் பத்தடிக்கு ஒரு பிரேக். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற தண்ணீரில் எத்தனையோ கார்கள் முங்கின. சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் அந்த மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் காப்பது ஒரு ரப்பர் சீல் மட்டுமே.

அந்த சீலைப் பற்றி இன்னும் ஒரு வரி. ஸ்கேனர் இல்லாத மெக்கானிக்குகள் பல கேலிப்பர்களில் மோட்டாரின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றித் தனியே எடுத்து, தண்டைக் கையாலேயே திருகிப் பின்வாங்க வைக்கிறார்கள். நல்ல மூளை. ஆனால், திரும்ப மாட்டும்போது சீல் ஒழுங்காக உட்காரவில்லை என்றால், அடுத்த மழையில் உள்ளே துரு. பல மாதம் கழித்து பார்க்கிங் பிரேக் பிடித்தபடியே நிற்கும்போது, காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆக, இந்த ஊருக்குத்தான் பின் பிரேக்கை அடிக்கடி கழற்றிப் பார்த்து, துடைத்து, கிரீஸ் வைக்கும் பக்கத்துத் தெரு மெக்கானிக் அதிகம் தேவை. அவரைத்தான் மென்பொருள் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். 1948 முதல் எண்ணூரில் இருக்கும் அசோக் லேலண்ட் தொழிற்சாலைப் பக்கம் போகும் எந்தக் கனரக லாரியையும் பாருங்கள். அதன் பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்று. காற்று இறங்கிவிட்டால் பிரேக் சேம்பரில் இருக்கும் போல்ட்டை ஸ்பேனரால் திருகி ஸ்பிரிங்கைச் சுருக்கி லாரியை நகர்த்தலாம். முப்பது டன் வண்டிக்கு ஒரு ஸ்பேனர் போதும் என்று வடிவமைக்க முடிகிறபோது, ஒன்றரை டன் காருக்கு மட்டும் கம்பெனி லாகின் ஏன் வேண்டும்? சில கார்களில் பெடலையும் சுவிட்சையும் ஒரு வரிசையில் அழுத்தினாலே சர்வீஸ் மோட் வந்துவிடுகிறது. தொழில்நுட்பத் தடை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பாதுகாப்பு என்பார்கள். கண்ட கண்ட ஆள் பிரேக்கைத் தொடலாமா என்று. நியாயமான பயம்தான். ஆனால், கருவியும் தகவலும் கொடுக்காவிட்டால் அந்த ஆள் தொடாமல் இருக்கப்போவதில்லை. பேட்டரி ஒயரோடும் சி-கிளாம்போடும் தொடுவார். ஆபத்து எதில் அதிகம்?

இந்த வாதம் புதிதும் இல்லை. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் குற்றம். வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. ஹூண்டாய் சென்னை உயர் நீதிமன்றப் படி ஏறியது. டொயோட்டா, ஃபோர்டு, நிஸ்ஸான் மேல்முறையீட்டில் 2016-ல் தீர்ப்பாயம் குற்றத்தை ஏற்றுக்கொண்டு அபராதக் கணக்கை மட்டும் குறைத்தது. பிறகு 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டலைத் திறந்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் கார்களும் ஒன்று. போர்ட்டல் நல்லதுதான். கஸ்டமர் கேர் நம்பரையும் மேனுவலையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சர்வீஸ் மோடைத் திறக்க வைக்கும் சட்டம் அது இல்லை. ஐரோப்பாவில் 2018/858 என்ற எண் கொண்ட விதிமுறை, பழுது பார்க்கும் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அந்த மாதிரி ஒரு வரி இங்கேயும் வேண்டும். பிரேக், ஸ்டீயரிங் மாதிரி தேய்ந்து மாற்றும் பாகங்களுக்கான சர்வீஸ் கட்டளைகளை ஓ.பி.டி சாக்கெட் வழியாக எந்தத் தரமான ஸ்கேனரும் இலவசமாகக் கொடுக்க முடிய வேண்டும். வட சென்னை ஐ.டி.ஐ-களில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் கையிலும் அந்த ஸ்கேனர் இருக்க வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான்: பின் பக்கம் 'கீச்' சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். வெளியே கொடுப்பதாக இருந்தால், "அண்ணே, இந்த மாடலுக்கு சர்வீஸ் மோட் போடுற ஸ்கேனர் இருக்கா?" என்று சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். இருக்கிறது என்றால் தாராளமாகக் கொடுங்கள். வேலை முடிந்ததும் டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லையா என்று பார்த்து, ஏதாவது ஒரு மேம்பாலச் சரிவில் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே மெதுவாக விட்டுப் பாருங்கள்.