பகடையைத் திட்டாதீங்க!

போன ஞாயிற்றுக்கிழமை என் திருடன் செத்துப் போனான். மூன்று மாதமாக ஊட்டி வளர்த்த பயல். நாற்பது அடி மதிலில் ஏறும்போது தவறி விழுந்தான், கீழே நின்ற காவலாளிகள் மிச்சத்தை முடித்துவிட்டார்கள். "பகடை கவுத்துடுச்சுடா" என்று எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். எனக்குப் பகடை மேல் கோபமே இல்லை. ஆட்டத்தை நடத்திய சீனியர் மேல்தான் :-)

புரியாதவர்களுக்கு ரெண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-ல் வெளிவந்த ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு கதைக்குள் புகுந்துவிடுவோம். பாத்திரம் செய்ய நினைப்பது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் 20 முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமை எண்ணைக் கூட்ட வேண்டும். டன்ஜன் மாஸ்டர் வைத்த இலக்கைத் தொட்டால் வெற்றி.

என் திருடனுக்கு ஏறுவதில் திறமை 7. மதிலின் இலக்கு 12. அதாவது பகடையில் 5 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். 80 சதவீதம். நம்பி ஏறினேன். மாஸ்டர் பத்தடிக்கு ஒருமுறை உருட்டச் சொன்னார். மொத்தம் நாலு முறை. கூட்டு வட்டி போட்டுப் பழகிய பி.காம் மாணவனுக்கு இது அப்போதே உறைத்திருக்க வேண்டும். 0.8-ஐ நாலு முறை பெருக்கினால் 0.41. கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதை விட மோசம்! மதில் மாறவில்லை, திறமை மாறவில்லை, இலக்கும் மாறவில்லை. உருட்டிய எண்ணிக்கை மட்டும்தான் கெட்டிக்காரத் திருடனைக் கத்துக்குட்டி ஆக்கியது.

நம் ஆட்கள் சண்டை போடுவதெல்லாம் வேறு விஷயத்துக்கு. பெரிய எண் நல்லதா, சின்ன எண் நல்லதா என்பது ஒன்று. இந்த ஆட்டத்தின் பழைய பதிப்புகளில் இரண்டுமே உண்டு: வாள் வீசப் பெரிய எண் வேண்டும், திருடன் சுவர் ஏற நூற்றுக்கு இத்தனை என்று சின்ன எண் வேண்டும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்புதான் எல்லாவற்றையும் 20 முகப் பகடை, பெரிய எண் என்று ஒழுங்குபடுத்தியது. (நம்ம தாயத்தில் ஒன்று விழத்தானே தவம் கிடக்கிறோம்!) பழக்கம்தான், வாய்ப்புக் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு சண்டையில் விஷயம் இருக்கிறது. 20 முகப் பகடையில் எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு. இலக்கு 15 என்றால் திறமை 5 உள்ளவனுக்கு 55 சதவீதம், ஒன்றுமே தெரியாதவனுக்கு 30. அதே இலக்குக்கு மூன்று சாதாரணப் பகடைகளைச் சேர்த்து உருட்டினால் தெரிந்தவனுக்கு 62.5, தெரியாதவனுக்கு வெறும் 9. மூன்றின் கூட்டுத்தொகை நடுவிலேயே குவிவதால் திறமைக்கு மரியாதை கூடுகிறது. 1986-ல் வந்த கர்ப்ஸ் ஆட்டம் மூன்று பகடையை வைத்திருப்பது எனக்குப் பிடித்ததும் இதனால்தான். ஆனால் அதிலும் பத்தடிக்கு ஒருமுறை உருட்டச் சொல்லும் மாஸ்டர் கிடைத்தால் அதோகதிதான்.

கும்பலாகப் போகும்போது இன்னும் கொடுமை. ஐந்து பேர் சத்தமில்லாமல் கோட்டைக்குள் நுழையணும், ஒவ்வொருவருக்கும் 65 சதவீதம் என்று வையுங்கள். ஒருவர் சொதப்பினாலும் மாட்டினோம் என்றால் தப்பிக்கும் வாய்ப்பு 12 சதவீதத்துக்கும் குறைவு. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு அழகான வழி சொல்கிறது: பாதிப் பேராவது ஜெயித்தால் மொத்தக் கும்பலுக்கும் வெற்றி. ஐந்தில் மூவர் போதும் என்றதும் வாய்ப்பு 76 ஆகிவிடுகிறது. விதி புத்தகத்திலேயே இருக்கிறது சாமி, படிக்கத்தான் ஆளில்லை. இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். ஒளித்து வைத்த பொறியை ஐந்து பேரும் ஆளுக்கொருமுறை தேடினால், தலைக்கு 30 சதவீதம்தான் என்றாலும் யாராவது ஒருவர் கண்டுபிடிக்க 83 சதவீதம். அப்புறம் எதற்குப் பொறி?

"நிறைய உருட்டினால்தானே த்ரில்?" என்கிறார் சீனியர். ஒரே உருட்டலில் த்ரில் வராதா என்ன? 2010-ல் வந்த அபோகாலிப்ஸ் வேர்ல்டில் இரண்டு பகடைதான். 10 அல்லது அதற்கு மேல் போனால் முழு வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே சங்கடம் என்று வைத்து, 7 முதல் 9 வரை வந்தால் காரியம் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்கணும் என்கிறது. 36-ல் 15 முறை இந்த நடு முடிவுதான் வரும். என் திருடனும் அப்படி மதில் ஏறி, கயிற்றைத் தவறவிட்டு, மேலே மாட்டிக்கொண்டு முழித்திருக்கலாம். அது கதை!

எல்லாவற்றையும் காகிதத்தில் போட்டு அவரிடம் காட்டினேன். கும்பல் கணக்கை ஒத்துக்கொண்டார், மதில் கணக்கை மட்டும் மாட்டேன் என்கிறார். வரும் ஞாயிறு புதுப் பாத்திரத்தோடு போகிறேன். இந்த முறை மந்திரவாதி. மதில் பக்கமே போகமாட்டான்.