பறக்கப் பழகும் பிள்ளை

சிவகாசிப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் போர்மேனாக இருக்கும் நண்பர் சென்ற ஞாயிறன்று விருதுநகரில் நம் வீட்டிற்கு வந்தார். அவருடைய மகன் நம்மிடம் படித்தவன். ஆகாய விமானம் ஓட்டக் கற்றே தீருவதென்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "அந்தச் சின்ன விமானங்களை நம்பலாமா, ஸார்?" என்றார் நண்பர். தினந்தோறும் வெடிமருந்தின் நடுவே நடமாடுகிறவர் இப்படிக் கேட்டது நமக்குச் சற்று வேடிக்கையாய் இருந்தது.

ஆனால் பயம் காரணமற்றதன்று. 2025 நவம்பர் 13-ஆம் தேதி, சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று வழியில் பழுதுற்று, புதுக்கோட்டை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. நண்பர் அதைத்தான் மனத்தில் வைத்திருந்தார். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்பதை நாம் எடுத்துக் காட்டினோம். எஞ்சின் நின்றதும் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடாது. செஸ்னா 172 போன்ற சிறு விமானம் ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மைல் தூரம் சறுக்கிச் செல்லும். இறங்க இடம் தேட அவகாசமுண்டு.

அவகாசம் இல்லாதது தரைக்குச் சமீபத்தில்தான். கிளம்பி முந்நூறு அடி ஏறியதும் எஞ்சின் நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவிடலாம் என்று மனம் சொல்லும். திரும்பினாலோ உயரமும் குறையும், வேகமும் குறையும். இறக்கை காற்றை அளவு மீறிச் சாய்ந்து எதிர்த்தால் தூக்கும் சக்தியை இழந்துவிடும். விமானத்தின் மூக்கு கவிழும். அப்போது பிடியைத் தன் பக்கம் இழுக்காத புதியவன் இல்லை. இழுக்க இழுக்க ஆபத்து முற்றும். செய்யவேண்டியது மூக்கை இன்னும் கீழே தள்ளுவது! தரையை நோக்கித் தள்ள யாருக்குத்தான் கை வரும்? அதனால்தான் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, சில ஆயிரம் அடி உயரத்தில் வேண்டுமென்றே கவிழவிட்டு, பயில்பவனின் கைக்கு அதைப் பழக்குகிறார்.

நண்பர் தலையாட்டினார். "மருந்து அறையிலும் அதே கதைதான், ஸார். பொறியைக் கண்டதும் புதுப் பையன் அணைக்கப் பார்ப்பான். ஓடு, ஓடு என்று பழக்கிவைக்க வேண்டியிருக்கிறது." 2012-ல் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது, உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடினவர்களும் மாண்டதை அவர் மறக்கவில்லை.

அவசரம் ஒன்று பாக்கி. தொழில் விமானி உரிமம் பெற நம் தேசத்தில் 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். மணிக்கு மணி பணம். கடும் வெயிலில் காற்று லேசாகி விமானம் ஏறத் திணறும். ஆனாலும் ஒரு நாள் நிறுத்தினால் மாணவனுக்கும் முகம் வாடும், பள்ளிக்கும் வாடும். நம் நண்பரோ வெயில் ஏறுமுன் மருந்து கலக்கும் வேலையை முடித்துக் கதவைச் சாத்திவிடுகிறவர். முதலாளி முணுமுணுத்தாலும் திறக்கமாட்டார்.

பள்ளியில் சேர்க்கப் போகும்போது, கட்டணத்தைக் கேட்குமுன், "போன மாதம் எத்தனை நாள் பறக்காமல் நிறுத்தினீர்கள்?" என்று கேட்கப் போகிறாராம். பையனுக்குத்தான் இதில் வெட்கம்.