ரசனை என்றால் பந்தாவா?

சிக்கரி கலக்காத காபி குடிப்பது அவ்வளவு பெரிய குற்றமா? சகோதரிகள்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் என் பெரிய நாத்தனார் வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தோம். என் காபித் தூளை 100 கிராம் எடுத்துப் போயிருந்தேன். பையில் அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக் காபி உன் வாய்க்கு இறங்காதாக்கும்? பெரிய எஸ்டேட்காரி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாலு நாளும் எனக்கு 'எஸ்டேட்காரி'ன்னே பேர். எடுத்துப் போனது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு 'பந்தா', 'அலட்டல்' என்றெல்லாம் பேச வேண்டுமா?

நான் வாங்குவது பீபரியும் பிளான்டேஷன் ஏ-யும் பாதிக்குப் பாதி. பேரைக் கேட்டாலே ஏதோ ஃபாரின் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை இருக்கும், ஒரு பக்கம் தட்டையாக. சில பழத்தில் ஒன்றுதான் விளையும். பட்டாணி மாதிரி உருண்டையாக இருக்கிற அதுதான் பீபரி. அவ்வளவுதான் விஷயம்! அரைத்து வைத்தால் மணம் போய்விடும் என்பதால் வாரத்துக்கு 100 கிராம்தான் வாங்குவேன்.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்துக் கலக்கிறார்கள். டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும். 49 சதவீதம் வரை கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். பிடித்தவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும். என் வீட்டுக்காரருக்கே சிக்கரி இல்லாவிட்டால் 'சப்'பென்று இருக்குமாம். அவருக்குத் தனி ஃபில்டர்.

என் மனசை உறுத்துவது வேறு. என் மாமனாருக்குச் சிக்கரி என்றாலே ஆகாது. புதுத் தூள், முதல் டிகாஷன், அப்போதுதான் காய்ச்சிய பால். ஒன்று குறைந்தாலும் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார். "அப்பாவுக்கு நாக்கு அப்படி, ரொம்ப ரசனைக்காரர்" என்று இதே நாத்தனார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார். விடிகாலை 5 மணிக்கு எழுந்து அந்தக் காபியைப் போட்டது நான்தான். மிச்ச டிகாஷனைக் குடித்துக் குடித்துத்தான் எனக்கும் நாக்கு பழகியது. அவருக்குப் போட்டுக் கொடுத்தவரை 'கைப்பக்குவம்' என்றார்கள். அதையே நான் உட்கார்ந்து குடித்தால் 'பந்தா'!

நானும் ஒருமுறை வாயை விட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு வாய் குடித்ததுமே, "சிக்கரி ஜாஸ்தியோ?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாவின் முகம் சுண்டிப் போனது. அதை வேண்டுமானால் பந்தா என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அடுத்தவர் வீட்டுக் காபியைப் பற்றி நான் மூச்சு விடுவதில்லை. பதிலுக்கு என் டம்ளரையும் அவர்கள் எட்டிப் பார்க்காமல் இருக்கலாமே!

தீபாவளிக்கு நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வருகிறார். மாமாவுக்குப் போட்ட மாதிரியே அவருக்கும் ஒரு டம்ளர் போட்டுக் கொடுக்கப் போகிறேன். என்ன தூள் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

— ஒரு வாசகி, சேலம்.