அடுக்களையும் அடவியும்

போடிநாயக்கனூர்ப் பக்கத்தார்க்குப் போடிமெட்டு அயலூர் அன்று. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏலமலை. ஆயினும் நம்முள் பலர் அம்மலையை எப்போது காண்கின்றோம்? விருந்தினரை மூணாற்றுக்கு அழைத்துச் செல்லும்போது, வண்டியின் கண்ணாடி வழியாக. கேட்டால், "நேரமில்லை" என்கின்றோம்.

அச்சொல்லைச் சொல்லும் உரிமை விடியுமுன் எழுந்து, சோறு பொங்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் பெண்களுக்கு உண்டு. நமக்கு உண்டா என்பது ஐயமே. விடைத்தாள், தனிப்பயிற்சி, கூட்டம் இவை போக எஞ்சும் பொழுதைக் கைப்பேசி கொண்டுபோகின்றது. இரவு உணவு பொட்டலமாக வீடு வந்து சேர்கின்றது. ஏலக்காய்க்கு ஏலம் நடக்கும் ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு, ஏலம் மணக்காத பிரியாணியைக் கடையில் வாங்கி உண்கின்றோம்! அப்பொட்டலங்களின் மிச்சத்தை மலைச்சாலையில் எறிவதால், காட்டில் கனி தேட வேண்டிய குரங்குகளும் வளைவுகளில் கையேந்தி அமர்ந்திருக்கின்றன.

வீட்டு உணவும் காட்டுயிரும் தொடர்பற்றவை அல்ல. பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் குருவி ஒன்றை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இதனை உண்பது ஆகுமா, ஆகாதா என்னும் ஐயம் எழ, மாமா அமீருத்தீன் தியாப்ஜியிடம் கொண்டு சென்றார். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு வழிகாட்டினார். அடுப்புக்குப் போக வேண்டிய குருவி ஓர் அறிஞரைத் தந்தது. 1933-இல் திருவிதாங்கூரின் பறவைகளை ஆராய அவர் வந்தபோது, துணைவியார் தெஹ்மினாவும் உடன் வந்தார். நம் ஏலமலையும் அன்று அவ்வரசின் எல்லைக்குள் இருந்ததே.

தெஹ்மினா உடன் வந்தார் என்பதை ஈண்டு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் போடிமெட்டில் உறவினர் ஒருவரின் தோட்ட வீட்டில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கினோம். சமையல் நாங்களே. முதல்நாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் யாம் மட்டும் வெளியே நடந்தோம். பலாமரத்தில் மலையணில் ஒன்று நீண்ட வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. திரும்பி வந்து அதனை விரித்துரைத்துக் கொண்டே இட்டிலியை உண்டோம். எம் துணைவியார் கேட்டார்: "அடுப்ப விட்டுட்டு நான் எங்கிட்டு வந்து பாக்குறது?"

இருபதாண்டுகளாகக் குறுந்தொகையின் 167-ஆம் பாடலை வகுப்பில் நடத்தி வருகின்றோம். தயிர் பிசைந்த விரலும் தாளிதப் புகை படிந்த கண்ணுமாய்த் தலைவி சமைக்கின்றாள். இனிது என்று கணவன் உண்கின்றான். அவள் முகம் மலர்கின்றது. கூடலூர் கிழாரின் நுட்பத்தை வியந்து மாணவர்க்கு எத்தனையோ முறை எடுத்துரைத்தோம். அன்றுதான் அந்த உண்ணும் கணவனின் இருக்கையில் நம்மைக் கண்டோம்.

மறுநாள் அடுக்களையை யாம் ஏற்றோம். தாயும் மகளும் வெளியே சென்றனர். ஓடையோரத்தில் யாரோ ஒரு சிறுவன் சீழ்க்கை அடிக்கின்றான் என்று எண்ணி நின்றார்களாம். பார்த்தால் சீகாரப் பூங்குருவி! கருநீலச் சிறகு பளபளக்கப் பாறையிலிருந்து பாறைக்குத் தாவியதை மகள் மூச்சுவிடாமல் சொன்னாள். யாம் வைத்த பருப்பில் உப்பு மிகுந்திருந்தது. துணைவியார் உண்டார், இனிது என்று மட்டும் சொல்லவில்லை.

ஆண்மகனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் தம் குடும்பத்தார்க்குப் பணி செய்து வந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை அவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். காட்டைக் காணும் நேரத்தை மீட்பது நன்று; ஆனால் அதனை வீட்டுப் பெண்டிரின் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்வது மீட்பு ஆகாது.

துறையின் அடுத்த கல்விச் சுற்றுலாவைப் போடிமெட்டுக்கே வைக்கலாம் என்பது நம் கருத்து. உணவுக்கு விடுதி தேட வேண்டா. காய் நறுக்குவதும் உலை வைப்பதும் மாணவர் பொறுப்பு, விடியற்காலை மாணவியர்க்கு. உப்பு அளவை மட்டும் நம்மிடம் கேட்க வேண்டா.