கூட்டன்பர்க்: பெயரும் அவசரமும்

வேர்ட்பிரஸ் மென்பொருளின் புதிய தொகுப்பானுக்கு கூட்டன்பர்க் எனப் பெயர். அச்சுக்கலையின் தந்தையைச் சொந்தம் கொண்டாடுவோர் அவரது பொறுமையையும் கற்றிருக்க வேண்டாமா?

2017-இல் சோதனை முன்னோட்டமாக, விரும்பியோர் பொருத்திப் பார்க்கும் நீட்சியாக வந்தவரை முறைதான். பத்தி, படம், தலைப்பு யாவும் தனித்தனிக் கட்டங்கள் என்பது அதன் கோட்பாடு. எழுதுபவன் கட்டம் கட்டமாகவா சிந்திக்கிறான்? (இலக்கண ஆசிரியன் வேண்டுமானால் சிந்திக்கலாம்.)

அதுகூடப் பொறுக்கத்தக்கதே. திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றோர் இதில் இடர்ப்படுவர் என எச்சரித்துவந்த அணுகல்தன்மைக் குழுவின் தலைவரே 2018 அக்டோபரில் விலகினார். அதற்குப் பின்னும், டிசம்பர் 6 அன்று, 5.0 பதிப்பில் இதுவே மையமாயிற்று. பழைய தொகுப்பான் நீட்சியாயிற்று. பார்வையற்றோர் படும் இடர்களை விரிவாக ஆராய்ந்த வெளியாரின் அறிக்கையோ 2019 மே மாதத்தில்தான் வந்தது.